ஆங்கிலம் முதலில், மற்றது அப்புறம்: அமெரிக்காவில் இரண்டு மொழி பேசுவது

2012 ஜனவரியில் ரிபப்ளிகன் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டி சூடுபிடித்திருந்த நேரத்தில், நியூட் கிங்ரிச்சின் பிரச்சாரக் குழு மிட் ராம்னிக்கு எதிராக ஒரு விளம்பரம் வெளியிட்டது. ராம்னி உண்மையான வலதுசாரி இல்லை, மாசசூசெட்ஸ்காரர், மிதவாதி என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் போட்டார்கள் ஒரு போடு: 2004இல் டெமாக்ரட் வேட்பாளராக நின்று தோற்ற ஜான் கெர்ரியைப் போலவே இவரும் பிரெஞ்சு பேசுகிறார். அதற்கு ஆதாரமும் காட்டினார்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ஸ் சமயத்தில் ராம்னி பிரெஞ்சில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு வீடியோத் துண்டு. இளம் வயதில் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் ஊழியத்துக்காக இரண்டு வருடத்துக்கு மேல் பிரான்ஸில் இருந்தவர், அங்கே கற்றுக்கொண்ட மொழி அது. நம் ஊரில் ஒரு தலைவருக்கு இன்னொரு மொழி தெரியும் என்றால் மேடையில் நாலு வரி பேசவிட்டுக் கைதட்டுவோம், நரசிம்ம ராவுக்கு எத்தனை மொழி தெரியும் என்று இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அங்கே அது எதிராளி தோண்டியெடுத்த ரகசியம்.

2015இல் இதே கட்சியின் அடுத்த போட்டியில் ஜெப் புஷ் நிருபர்களுக்கு ஸ்பானிஷில் பதில் சொன்னார். அவர் மனைவி மெக்சிகோவில் பிறந்தவர், வீட்டில் புழங்கும் மொழி. அமெரிக்காவில் இருக்கும்போது ஆங்கிலத்தில் பேசி முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று டிரம்ப் அவரைக் கண்டித்தார். இதற்கு நாலு வருடம் கழித்து, டெமாக்ரட் கட்சிப் போட்டியில் பீட் பூட்டிஜெஜ் நார்வே நாட்டு நிருபருக்கு நார்வீஜியனில் பதில் சொன்னபோது, இந்த ஆளுக்கு ஏழெட்டு மொழி தெரியுமாமே என்று ஊடகங்கள் வியந்து எழுதின. அதற்கு முந்தைய வருடம், 2018 மே மாதம், மொன்டானா மாநிலத்தில் ஹேவர் என்ற சின்ன ஊரில் ஒரு கடையில் பால் வாங்க வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் தங்களுக்குள் ஸ்பானிஷில் பேசிக்கொண்டதைக் கேட்ட எல்லைக் காவல் அதிகாரி ஒருவர் அவர்களுடைய அடையாள அட்டையை வாங்கி, வெளியே நிறுத்திவைத்து விசாரித்தார். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். ஏன் என்று கேட்டபோது, பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் மாநிலத்தில் நீங்கள் கடைக்குள் ஸ்பானிஷ் பேசினீர்கள், அதனால்தான் என்று அவரே சொன்னது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. வழக்கு நடந்து 2020இல் அரசு தரப்பு சமரசத்துக்கு வந்தது.

ஒரே நாடு, சுமார் பத்து வருட இடைவெளிக்குள் நடந்தவை. சிலர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, அமெரிக்கர்களுக்கு வேற்று மொழி என்றாலே ஆகாது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தச் சமூகம் இரண்டாவது மொழியை வெறுக்கவில்லை, ஆனால் எது இரண்டாவது என்று கேட்கிறது. ஆங்கிலம் ஏற்கெனவே கையில் இருந்து, அதற்கு மேல் இன்னொரு மொழி சேர்ந்தால் அது திறமை. இன்னொரு மொழி முதலில் இருந்து, ஆங்கிலம் அப்புறம் சேர்ந்தால் அது குறை, சரிசெய்ய வேண்டிய ஒன்று. இரண்டு பேரும் கடைசியில் அதே இரண்டு மொழிகளைத்தான் பேசுகிறார்கள். (பிரெஞ்சு பேசிய ராம்னி இந்தக் கணக்கில் அடங்க மாட்டார், அவர் மீது வந்தது மேட்டுக்குடி என்ற பழி, அது வேறு கதை.) இந்த மனநிலை எப்படி வந்தது என்று பார்த்தால் கதை ஸ்பானிஷில் தொடங்கவில்லை, ஜெர்மனில் தொடங்குகிறது.

பென்ஜமின் பிராங்க்ளின் 1751இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆங்கிலேயர் நிறுவிய பென்சில்வேனியா ஏன் அந்நியர்களின் குடியேற்றமாக மாற வேண்டும், நாம் அவர்களை ஆங்கிலமயமாக்குவதற்குப் பதில் அவர்கள் நம்மை ஜெர்மன்மயமாக்கிவிடுவார்கள் போலிருக்கிறதே என்று புலம்பினார். வேடிக்கை என்னவென்றால் 1732இல் அமெரிக்காவின் முதல் ஜெர்மன் மொழிப் பத்திரிகையை அச்சடித்தவரும் அவர்தான், அது ஓடவில்லை என்பது வேறு விஷயம். அவர் பயந்தது போல எதுவும் நடக்கவில்லை. சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட செய்தியை 1776 ஜூலை 5 அன்று முதலில் வெளியிட்டது பிலடெல்பியாவின் ஒரு ஜெர்மன் பத்திரிகை. அரசமைப்புச் சட்டத்தில் ஆட்சிமொழி என்று எதையும் எழுதிவைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒஹையோவின் சின்சினாட்டி மாதிரி ஊர்களில் அரசுப் பள்ளிகளிலேயே பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம் என்று பாடம் நடந்தது. 1889இல் விஸ்கான்சின் மாநிலம் முக்கியப் பாடங்களை ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என்று சட்டம் போட்டபோது ஜெர்மன்காரர்கள் சேர்ந்து அடுத்த தேர்தலில் ஆளுநரையே தோற்கடித்தார்கள், 1891இல் சட்டமும் போய்விட்டது. ஆக, இரண்டு மொழியில் வாழ்வது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஓட்டு பலம் இருந்தவரை அது பிரச்சினையாகவும் இல்லை.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது, எல்லாம் தலைகீழானது. அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங் 1918 மே மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தேவாலய வழிபாட்டில், தொலைபேசியில், எங்கேயும் ஆங்கிலம் மட்டும்தான். தொலைபேசியில் கூட. அப்போதெல்லாம் கிராமங்களில் பல வீடுகளுக்கு ஒரே தொலைபேசி இணைப்பு, ஒருவர் பேசுவதை அடுத்த வீட்டுக்காரர் கேட்கலாம். அப்படி ஜெர்மனில் பேசி மாட்டிக்கொண்ட விவசாயக் குடும்பப் பெண்கள் சிலர் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 225 டாலர் கட்ட வேண்டியிருந்தது. வழிபாட்டையே வேறு மொழியில் நடத்தக் கூடாது என்ற அளவுக்கு ஒரு மாநில அரசு போனது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மதச் சுதந்திரத்துக்காகவே கப்பலேறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாட்டில்.

பக்கத்து நெப்ராஸ்கா 1919இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எட்டாம் வகுப்பு முடிக்காத எந்தப் பிள்ளைக்கும், அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, ஆங்கிலம் தவிர வேறு மொழியைக் கற்பிக்கக் கூடாது. லத்தீன், கிரேக்கம் மாதிரி செத்த மொழிகளுக்கு மட்டும் விலக்கு, அவற்றைப் பேசும் அண்டை வீட்டுக்காரர் யாரும் இல்லையே. 1920 மே மாதம் ஹாம்ப்டன் என்ற கிராமத்தின் லூத்தரன் பள்ளியில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் ஒரு பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மனில் பைபிள் கதை வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததற்காக அவருக்கு 25 டாலர் அபராதம் விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1923இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்றானது. இன்றும் பெற்றோரின் உரிமை பற்றி எந்த வழக்கு வந்தாலும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் தீர்ப்பைக் கூர்ந்து படித்தால் ஒன்று தெரியும். எல்லோரும் ஒரே மொழி பேசும் ஒரே மாதிரியான மக்களாக வேண்டும் என்ற சட்டமன்றத்தின் ஆசை புரிந்துகொள்ளக் கூடியதுதான் என்றே நீதிபதி எழுதினார், அதற்கு இந்த வழி சரியில்லை என்றார், அவ்வளவுதான். அதற்குள் காரியமும் முடிந்துவிட்டிருந்தது. 1915இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தார், 1922இல் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை.

சட்டம் ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் அறிவியலும் வந்து சேர்ந்துகொண்டது. 1910களில் ஹென்றி கோடார்ட் என்ற உளவியலாளர் நியூயார்க் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளுக்கு, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, அறிவுத்திறன் சோதனை நடத்தினார். இத்தாலியர், யூதர், ரஷ்யர் என்று சோதித்த குழுக்களில் ஐந்தில் நாலு பேர் மந்த புத்திக்காரர்கள் என்று முடிவு வந்தது. கடலில் அத்தனை நாள் கிடந்து, பாஷை தெரியாத இடத்தில் இறங்கிய ஆளிடம் கேள்விகேட்டு மார்க் போட்டால் வேறென்ன வரும்? கணக்கே அபத்தமாக இருக்கிறதே என்று நிதானித்திருக்கலாம். அதுவும் நடக்கவில்லை. 1926இல் பிளாரன்ஸ் குட்இனஃப் என்ற ஆய்வாளர், வெவ்வேறு நாட்டு வம்சாவளிக் குழந்தைகளின் மதிப்பெண்களை ஒப்பிட்டு, வீட்டில் அந்நிய மொழி பேசுவது அறிவு வளர்ச்சி குன்றுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் என்று எழுதினார். ஏழைக் குடும்பமா, பள்ளிக்கு ஒழுங்காகப் போனதா, சோதனை எந்த மொழியில் நடந்தது என்பதையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் வந்த முடிவுகள் இவை. 1962இல் மான்ட்ரியலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பெர்ட்டும் ஒரே மாதிரிக் குடும்பப் பின்னணி உள்ள பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்து, இரண்டு மொழியையும் நன்றாகப் பேசுகிறவர்களைத் தனியாகப் பிரித்து ஒப்பிட்டபோது முடிவு நேரெதிராக வந்தது, இரண்டு மொழிக்காரப் பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். ஆனால் நாற்பது வருடம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் டாக்டர்களின் அறிவுரையிலும் ஊறிப்போன கருத்து ஓர் ஆய்வறிக்கையால் போய்விடுமா? இன்றைக்கும் அமெரிக்காவில் பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானால், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பிள்ளை குழம்புகிறான் என்று சொல்லும் பள்ளிகளும் மருத்துவர்களும் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை என்று பேச்சுப் பயிற்சித் துறையே பல காலமாகச் சொல்லிவருகிறது. தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுப் பயந்து, தாங்களே தடுமாறும் ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசத் தொடங்கியிருப்பார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஜெர்மன்காரர்களுக்காவது வெள்ளைத் தோல் இருந்தது, ஒரு தலைமுறையில் கலந்துவிட்டார்கள். டெக்சஸின் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு நடந்தது அதைவிட நீண்ட கதை. பள்ளி வளாகத்தில் ஸ்பானிஷ் பேசினால் பிரம்படி என்பது 1960கள் வரை சர்வசாதாரணம். மார்ஃபா என்ற ஊரில் பிளாக்வெல் பள்ளி என்று மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு மட்டுமான ஒரு பள்ளி இருந்தது. 1954இல் அங்கே மாணவர்களை ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதவைத்து, அதைப் பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்தின் அருகே குழி வெட்டி ஸ்பானிஷ் மொழிக்கு ஈமச்சடங்கு நடத்தினார்கள். விளையாட்டாக அல்ல, பாடமாக. அந்தப் பள்ளிக் கட்டடம் 2022இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

பூர்வகுடிகள் விஷயத்தில் இது இன்னும் கொடூரம். 1879இல் தொடங்கிய கார்லைல் மாதிரி உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்து வந்த நவஹோ பூர்வகுடி இளைஞர்களைத்தான் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படை தேடிப்போய்ச் சேர்த்துக்கொண்டது, 1942இல் முதலில் 29 பேர், போர் முடிவதற்குள் ஏறக்குறைய 400 பேர். அவர்கள் மொழியை வைத்து உருவாக்கிய சங்கேதத்தை ஜப்பானியர்களால் உடைக்கவே முடியவில்லை. வாயில் சோப்புப் போட்டுக் கழுவிய மொழிக்கு 2001இல் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. ராணுவத்துக்குப் பயன்பட்டால் அது சொத்து, பாட்டியோடு பேசப் பயன்பட்டால் அது பின்தங்கிய நிலை. இந்தப் பார்வை இன்றும் மாறவில்லை. அரபியும் சீனமும் கற்க ராணுவமும் உளவுத் துறையும் கோடிக்கணக்கில் செலவழிக்கும் அதே நாட்டில்தான் விமானத்தில் அரபியில் போன் பேசியதற்காகப் பயணிகளை இறக்கிவிடுகிறார்கள்.

1960களில் காற்று கொஞ்சம் திசை மாறியது. கியூபாவிலிருந்து தப்பி மயாமிக்கு வந்தவர்களில் ஆரம்ப அலை பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்கம், காஸ்ட்ரோ விழுந்ததும் திரும்பிப் போய்விடுவோம் என்ற நினைப்பில் இருந்தவர்கள். அவர்களுக்காக 1963இல் கோரல் வே என்ற தொடக்கப் பள்ளியில் அரை நாள் ஆங்கிலம், அரை நாள் ஸ்பானிஷ் என்று தொடங்கினார்கள், உள்ளூர் ஆங்கிலப் பிள்ளைகளும் அதே வகுப்பில். 1968இல் லிண்டன் ஜான்சன் இருமொழிக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1974இல் சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தொடர்பான லாவ் வழக்கில், புரியாத மொழியில் ஒரே பாடப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் அது சமத்துவமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் தாய்மொழியில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, ஏதாவது செய்யுங்கள் என்றது. அந்த 'ஏதாவது' என்ற இடைவெளியில்தான் அடுத்த ஐம்பது வருடச் சண்டை முழுவதும் நடந்தது.

சண்டையில் எனக்கு மிகவும் விசித்திரமாகத் தெரியும் ஆள் ஹயகாவா. கனடாவின் வான்கூவரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், மொழியின் பொருள் பற்றி ஆராய்ந்த பேராசிரியர், பிறகு கலிபோர்னியாவின் செனட்டர். ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கும் அரசமைப்புத் திருத்தத்தை 1981இல் கொண்டுவந்தவர் அவர்தான். 1983இல் ஜான் டான்டன் என்பவரோடு சேர்ந்து அதற்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார். குடியேறிகளின் பிள்ளையே இப்படிப் பேசினால் யாரும் இனவெறி என்று சொல்ல முடியாதல்லவா. ஆனால் டான்டன் எழுதிய ஒரு பழைய குறிப்பு 1988இல் வெளியே வந்தது. லத்தீன் அமெரிக்கர்களின் பிறப்பு விகிதம் பற்றியும் அவர்கள் குணம் பற்றியும் அதில் இருந்ததைப் பார்த்து அமைப்பின் தலைவராக இருந்த லிண்டா சாவேஸும், ஆலோசகர் குழுவில் இருந்த புகழ்பெற்ற செய்தி வாசிப்பாளர் வால்டர் கிரான்கைட்டும் விலகினார்கள். பேசியது மொழியைப் பற்றி, கவலைப்பட்டது ஆட்களைப் பற்றி. அது அன்றைக்கு எழுத்திலேயே மாட்டிக்கொண்டது.

அமைப்பு அதனால் படுத்துவிடவில்லை, முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஆங்கிலத்தை ஆட்சிமொழி என்று அறிவித்திருக்கின்றன. 1998இல் கலிபோர்னியாவில் இருமொழி வகுப்புகளை ஏறக்குறைய ஒழித்துக்கட்டும் வாக்கெடுப்பு 61 சதவீத ஆதரவோடு வென்றது. அந்தக் காலத்து இருமொழி வகுப்புகள் எல்லாம் பிரமாதமாக நடந்தன என்று நான் சொல்ல வரவில்லை. பயிற்சி இல்லாத ஆசிரியர்களும், வருடக் கணக்கில் தனி வகுப்பில் தேங்கிக் கிடந்த பிள்ளைகளும் இருந்தது நிஜம், ஸ்பானிஷ் பேசும் பெற்றோரிலேயே ஒரு பகுதி அலுத்துப்போயிருந்தார்கள். 2002இல் இருமொழிக் கல்விச் சட்டம் மறைந்து, அந்தத் துறையைக் கவனித்த மத்திய அலுவலகத்தின் பெயரிலிருந்தே 'இருமொழி' நீக்கப்பட்டு 'ஆங்கிலம் கற்றல்' வந்தது. பிறகு 2016இல் அதே கலிபோர்னியா, 73 சதவீத ஆதரவோடு பழைய தடையை எடுத்துவிட்டது.

பதினெட்டு வருடத்தில் மனம் மாறிவிட்டதா? கொஞ்சம் மாறியது, ஆனால் வாடிக்கையாளரும் மாறினார்கள். இதைப் புரிந்துகொள்ள யூட்டாவைப் பார்க்க வேண்டும். மார்மன்கள் நிறைந்த, ரிபப்ளிகன் கட்சியின் கோட்டையான மாநிலம். 2000இல் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கியது. 2008இல் அதே மாநிலம் அரசுப் பணத்தில் பாதி நாள் ஆங்கிலம், பாதி நாள் சீனம் அல்லது ஸ்பானிஷ் அல்லது பிரெஞ்சு என்று இருமொழி வகுப்புகளைத் தொடங்கி, இன்று அந்தத் துறையில் நாட்டுக்கே முன்னோடி. அப்போதைய ஆளுநர் ஜான் ஹன்ட்ஸ்மன், தைவானில் மத ஊழியம் செய்தபோது சீனம் கற்றவர். யூட்டாக்காரர்களுக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை, ஏனென்றால் இரண்டு சட்டமும் வேறு வேறு ஆட்களுக்கானவை. ஆட்சிமொழிச் சட்டம் வந்தேறிகளுக்கு. சீன வகுப்பு சொந்தப் பிள்ளைகளின் எதிர்கால வேலைக்கு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் குவாடலூப்பே வால்டெஸ் 1997லேயே இதைப் பற்றி எச்சரித்தார். இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் வகுப்பில், ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளை நாலு வாக்கியம் ஸ்பானிஷ் பேசினால் எல்லோரும் ஆகா என்கிறார்கள், மெக்சிகோ குடும்பத்துப் பிள்ளை ஆங்கிலம் பேசினால் அது எதிர்பார்க்கப்பட்டதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். இன்று பெரிய நகரங்களில் இத்தகைய பள்ளிகளில் இடம் கிடைக்க வசதியான பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள், சுற்றுவட்டாரத்தில் வீட்டு வாடகை ஏறுகிறது, யாருடைய மொழியை வைத்துப் பள்ளி நடக்கிறதோ அவர்களே அந்தப் பகுதியில் குடியிருக்க முடியாமல் போகும் நிலைமையும் வருகிறது.

சரி, ஆங்கிலத்துக்கு உண்மையிலேயே ஆபத்து உண்டா? 2019 கணக்குப்படி அமெரிக்காவில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறவர்கள் ஏறக்குறைய 6 கோடியே 80 லட்சம், ஐந்தில் ஒருவருக்கு மேல். 1980இல் இது 2 கோடியே 30 லட்சம்தான். இந்த எண்ணை மட்டும் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். ஆனால் அந்த 6 கோடியே 80 லட்சத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆங்கிலத்தையும் மிக நன்றாகப் பேசுவதாகச் சொன்னவர்கள். எண்ணிக்கை ஏறுவது புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால்தான், இருப்பவர்கள் மொழியைக் காப்பாற்றுவதால் அல்ல. ரூபன் ரும்பாட், டக்ளஸ் மாஸி, பிராங்க் பீன் மூவரும் 2006இல் தெற்குக் கலிபோர்னியாவை ஆராய்ந்தார்கள், மெக்சிகோ எல்லை ஓரத்தில், ஊர்ப்பெயரெல்லாம் ஸ்பானிஷில் இருக்கும் பகுதி. அங்கேயே மூன்றாம் தலைமுறையில் ஸ்பானிஷ் இயற்கை மரணத்தை நெருங்கிவிடுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. ஆசிய மொழிகள் அதைவிட வேகமாகப் போய்விடுகின்றன. 2008 தேர்தல் சமயத்தில் ஒபாமா, குடியேறிகள் ஆங்கிலம் கற்பார்களா என்று கவலைப்படாதீர்கள், அவர்கள் கற்றுக்கொள்வார்கள், உங்கள் பிள்ளை ஸ்பானிஷ் பேசுமா என்று யோசியுங்கள் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது.

இந்த அழிவில் இன்னொரு தினுசான அவமானமும் சேர்ந்திருக்கிறது. பள்ளியில் ஸ்பானிஷ் பேசி அடிவாங்கிய தலைமுறை, என் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறியது. இன்று அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளை, ஸ்பானிஷ் தெரியாதா, நீயெல்லாம் ஒரு லத்தீனோவா (லத்தீன் அமெரிக்க வம்சாவளியா) என்று சொந்தக்காரர்களே கேலி செய்கிறார்கள். பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானிஷ் சரியாக வராத லத்தீனோக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், இன்னொரு லத்தீனோ தங்களைக் கூசவைத்ததாகச் சொன்னார்கள். கோடை விடுமுறையில் மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்து இறங்கும் பிள்ளையிடம், தமிழ் பேச வராதா என்று சித்தப்பா பெரியப்பா எல்லோரும் சுற்றி நின்று கேட்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

அமெரிக்காவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். பெரும்பாலும் கணினி, மருத்துவம், ஆராய்ச்சி என்று வந்தவர்கள் என்பதால், ஸ்பானிஷ் பேசும் கட்டடத் தொழிலாளிக்குக் கிடைக்கும் பார்வை நமக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. அதனாலேயே நம்மவர்களில் சிலர், இந்த நாட்டுக்கு வந்தால் ஆங்கிலம் பேச வேண்டியதுதானே என்று அந்தத் தொழிலாளியைப் பார்த்துச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன், சொல்லிவிட்டு சனிக்கிழமை பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஊரிலேயே, யாரும் கட்டாயப்படுத்தாமல், தமிழ் பேசினால் அபராதம் என்று வைத்திருந்த ஆங்கிலப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள்தானே நாமும். டெக்சஸின் பிரம்படியைக் கேட்டு அதிர்ச்சியடைய நமக்குப் பெரிய உரிமை இல்லை.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைக் குறைத்துச் சொல்லவில்லை. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், வாடகைக்கு எடுத்த வகுப்பறை, வாரத்துக்கு இரண்டு மணி நேரம், இதை வைத்துக்கொண்டு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கலிபோர்னியா 2011இல் சட்டமாக்கி இப்போது பெரும்பாலான மாநிலங்களில் இருக்கும் இருமொழி முத்திரை, பள்ளி முடிக்கும்போது சான்றிதழில் விழுவது, அதைத் தமிழில் பெறும் மாணவர்களும் இருக்கிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் போடலாம் என்றதும் பெற்றோரின் உற்சாகம் கூடுகிறது. எனக்கு இதில் ஒரு சின்ன உறுத்தல். மொழிக்கு மதிப்பு உண்டு என்று நிரூபிக்க விண்ணப்பம், வேலை, மூளைக்கு நல்லது என்று வரிசையாகக் காரணம் தேட வேண்டியிருக்கிறது. மூளை விஷயமே எடுத்துக்கொள்ளுங்கள், கனடாவின் உளவியலாளர் எலன் பியாலிஸ்டாக் 2007இல் இரண்டு மொழிக்காரர்களுக்கு மறதி நோய் நாலு வருடம் தள்ளிப்போகிறது என்று காட்டினார், 2013இல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளிடம் நாலரை வருட வித்தியாசம் கண்டார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் கூட. ஆனால் இரண்டு மொழிக்காரர்களுக்குக் கவனமும் கட்டுப்பாடும் அதிகம் என்று சொன்ன மற்ற ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது பல இடங்களில் அந்த முடிவு வரவில்லை, சர்ச்சை ஓயவும் இல்லை. நாளைக்கு மூளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தால் விட்டுவிடுவோமா? தாய்மொழியை வைட்டமின் மாத்திரை போல விற்றால் வேறு மாத்திரை வந்ததும் அதை வாங்கப் போய்விடுவார்கள்.

2025 மார்ச் 1 அன்று டிரம்ப் நிர்வாக ஆணை வழியாக ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சிமொழியாக அறிவித்தார், கிட்டத்தட்ட 250 வருட வரலாற்றில் முதல் முறை. அறிவிப்பை விட முக்கியம், அதே ஆணை 2000இல் கிளின்டன் போட்ட ஒன்றை ரத்து செய்தது. ஆங்கிலம் சரியாக வராதவர்களுக்கு அரசுத் துறைகள் மொழி உதவி செய்ய வேண்டும் என்றது அது. துறைகள் விரும்பினால் தொடரலாம், வற்புறுத்தல் இல்லை. சில உரிமைகள் தனிச் சட்டத்தில் இருப்பதால் தப்பின, 1975 முதல் வாக்குரிமைச் சட்டப்படி சில மாவட்டங்களில் பல மொழி வாக்குச்சீட்டு உண்டு, அதை ஆணையால் தொட முடியாது. அடுத்த மாதமே லாரி ஓட்டுநர்களின் ஆங்கிலம் பற்றி இன்னொரு ஆணை வந்தது. ஓட்டுநருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்ற விதி பழையது, 2016க்குப் பிறகு அதற்காக ஓட்டுநரைப் பணியிலிருந்து நிறுத்தாமல் இருந்தார்கள். 2025 ஜூன் கடைசியிலிருந்து, சோதனையில் ஆங்கிலம் போதவில்லை என்றால் நடுவழியிலேயே பணியிலிருந்து இறக்கிவிடலாம் என்றானது. சாலைப் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எதை வைத்து, எந்த ஓட்டுநரை முதலில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள் என்பதுதான் கேள்வி, அதில் அந்தத் தொழிலில் ஏராளமாக இருக்கும் பஞ்சாபிக்காரர்களும் கவலையில் இருக்கிறார்கள்.

மொழி உதவி குறைந்தால் வேலை நின்றுவிடாது, அது வீட்டுக்குள் வந்து சேரும். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு டாக்டர் சொல்வதை, வாடகை நோட்டீஸை, வரிப் படிவத்தை, தன்னைப் பற்றி ஆசிரியர் சொல்லும் புகாரையே கூட, மொழிபெயர்ப்பது பத்து வயதுப் பிள்ளைதான். குடியேறிக் குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாக நடப்பது, ஆய்வாளர்கள் முப்பது நாற்பது வருடமாக எழுதிவருகிறார்கள். பெரியவர்களின் சட்ட வார்த்தையை ஒரு மொழியில் கேட்டு, அம்மா பயந்துவிடாதபடி இன்னொரு மொழியில் சொல்வது, சம்பளம் வாங்கும் மொழிபெயர்ப்பாளருக்கே கஷ்டமான வேலை. அந்தப் பிள்ளையின் பள்ளிக் கோப்பில் எழுதியிருப்பது 'ஆங்கிலம் கற்பவர்' என்று மட்டும்தான். பக்கத்து வகுப்பில் சீனம் படிக்கும் பிள்ளைக்கு அதே கோப்பில் வேறு பெயர்.